ஐந்தாவது முக்காலி

அந்த நான்காம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். மற்ற முப்பது பேரும் பேசுவதைக் கூட்டிப் பார்த்தாலும் அவள் ஒருத்தி பேசுவதற்கு ஈடாகாது. அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அதைப் பரிசு வாங்கினது மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தாள். அப்பேர்ப்பட்டவளைக் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரைக்கும் வேலையே இல்லாத ஒரு முக்காலியில் உட்கார வைத்த கதைதான் இது.

பள்ளிக்கூடத்துக்கும் வாயாடியின் வீட்டுக்கும் நடுவே ரயில் தண்டவாளம். அதைத் தாண்ட ஓர் இரும்பு நடைபாலம். ஏற நாற்பத்திரண்டு படி, இறங்க நாற்பத்திரண்டு படி, கைப்பிடியைத் தொட்டால் கை முழுக்கத் துரு. திடீரென்று ஒருநாள் அந்தப் பாலத்தில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். வருகிற புதன்கிழமை பாலத்தில் நடக்கிறவர்களை எண்ணப்போகிறார்களாம். மூவாயிரம் பேருக்குக் குறைந்தால் பழுது பார்க்கிற பேச்சே கிடையாது, பாலத்தைப் பிரித்துவிடுவார்களாம்.

வாயாடியின் அம்மா வீட்டு முன்னறையில் இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். அறிவிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பெட்டியைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பாலம் போச்சுன்னா நீ இந்தப் பக்கத்து ஸ்கூல்தான்டி. அஞ்சு கிலோமீட்டர் சுத்திக் கொண்டுபோய் விட எனக்கென்ன ரெண்டு உடம்பா இருக்கு? எண்ணி முடிக்கட்டும். குறைஞ்சிருந்தா வியாழக்கிழமையே வந்து உன் சர்டிபிகேட்டை வாங்கிடுவேன்."

வாயாடிக்கு அன்று சோறு இறங்கவில்லை. புதுப் பள்ளிக்கூடம் என்றால் புது வகுப்பு, புதுப் பிள்ளைகள். இவ்வளவு பேச்சையும் அங்கே யார் கேட்பார்கள்? இங்கே முப்பது பேரைப் பழக்கி வைக்க அவளுக்கு முழுசாக நாலு வருஷம் ஆகியிருந்தது.

இதே வாரத்தில் வகுப்பு டீச்சருக்கு வேறொரு தலைவலி. பெரிய எண்கள் பாடம். ஆயிரத்து இருபத்தைந்தை எண்ணில் எழுது என்றால், பட்டாசு என்று பெயர் வாங்கிய பையன் முதலில் ஆயிரத்தை எழுதி, அதன் பக்கத்திலேயே இருபத்தைந்தை ஒட்டி, 100025 என்று கொண்டுவந்து நீட்டினான்.

"இது ஒரு லட்சத்து இருபத்தஞ்சுடா," என்றாள் டீச்சர்.

"ஆயிரமும் இருக்கு, இருபத்தஞ்சும் இருக்கு டீச்சர். வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்றான் அவன். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிற மாதிரி தெரிந்ததால் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பாலத்தில் வரும்போது அறிவிப்பைப் பார்த்த டீச்சர் அங்கேயே நின்றுவிட்டாள். வகுப்புக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னாள்: "புதன்கிழமை நாமளும் எண்ணப்போறோம்."

பாலத்துப் படிக்கட்டின் அடியில் ஐந்து முக்காலி. பாலத்தைப் பார்த்தபடி ஐந்து பிள்ளைகள். வலது கோடியில் ஒன்று, அடுத்தது பத்து, அப்புறம் நூறு, ஆயிரம், இடது கோடியில் பத்தாயிரம். ஒரு ஆள் கடந்தால் ஒன்று ஒரு விரலை நீட்ட வேண்டும். ஒன்பது விரல் வரைக்கும் சரி. பத்தாவது ஆள் வந்துவிட்டால் இரண்டு கையையும் மூடிக்கொண்டு பத்தின் தோளில் ஒரு தட்டு. பத்து ஒரு விரல் நீட்டும். பத்துக்கும் நிறைந்தால் அது நூறைத் தட்டும். இப்படியே தட்டு இடது பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். டீச்சர் பின்னால் நின்றுகொண்டால் விரல்களை அப்படியே எண்ணாக வாசிக்கலாம். முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் தலைகீழ்.

ஒன்றில் பட்டாசு. பத்தில், மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணே தெரியாத சோடாபுட்டி. நூறில் தூங்குமூஞ்சி. ஆயிரத்தில், ஒன்பது வயதிலேயே ஓய்வு பெற்றவன் மாதிரி முகத்தை வைத்திருக்கும் பெரிய மனுஷன். பத்தாயிரத்துக்கு யார் என்றபோது டீச்சரின் பார்வை நேராக வாயாடியிடம் போனது.

"நான் ஒண்ணுல உக்காந்துக்கிறேனே டீச்சர்."

"உன் கை எண்ணும், வாய் பேசும், கணக்கு ரெண்டுக்கும் நடுவுல விழுந்துடும். நீ பத்தாயிரம்."

"அங்க எனக்கு என்ன வேலை?"

"சும்மா உக்காந்திருக்கிறதுதான் வேலை," என்றாள் டீச்சர்.

புதன்கிழமை ஆறு மணிக்கு எண்ணிக்கை தொடங்கியது. எதிரே குடை நிழலில், அலுவலகத்திலிருந்து வந்த குமாஸ்தா. அவர் கையில் எலுமிச்சம்பழ அளவில் ஓர் இரும்பு எண்ணி. அமுக்கினால் டிக் என்று ஒன்று கூடும். பத்து மணி வெயிலில் இரும்பு சுடுகிறது என்று அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் உள்ளேயே டிக், டிக். அதில் என்ன எண் ஓடுகிறது என்று அவரும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை.

பிள்ளைகள் பக்கம் ஒரே அமளி. பட்டாசின் விரல்கள் பொரி பொரிவது மாதிரி எழும்பின. அரை மணிக்கு ஒருமுறை ஒன்றுக்கும் பத்துக்கும் மாற்று ஆட்கள் வந்தார்கள். பத்தாயிரத்துக்கு மாற்று ஆள் எதற்கு? வாயாடி இரண்டு கையையும் மூடி மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

சும்மா இருக்கிற கண்ணுக்கு எல்லாம் தெரியும், அவளுக்கும் தெரிந்தது. பட்டாசு நீட்டிய விரலால் மூக்கைச் சொறியப் போனான்.

"டேய், மூக்கைச் சொறியாத. ஒரு ஆளு போயிடுவான்."

கொஞ்ச நேரத்தில் சோடாபுட்டியின் கன்னத்தில் கொசு உட்கார்ந்தது. நான்கு விரல் நீட்டியிருந்த கையை அவள் ஓங்கினாள்.

"அடிக்காதடி, நாப்பது பேரு. கடிச்சிட்டுப் போகட்டும்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குமூஞ்சி தன் பெயரைக் காப்பாற்ற ஆரம்பித்தான். தலை சரிந்தது, ஏழு விரல்களும் மெல்லத் தளர்ந்தன.

"டேய் நூறு, எழுந்திரு. எழுநூறு பேரை மடியில கொட்டப் போற."

அவன் திடுக்கிட்டு விரல்களை நிமிர்த்தினான். அதற்குள் பெரிய மனுஷனுக்குத் தும்மல் வந்துவிட்டது. கண் சொருகி, வாய் பிளந்து, இதோ வருகிறது என்று ஆகிவிட்டது. அவன் தும்மினால் ஐயாயிரம் பேர் காலி. வாயாடி தாவிப்போய் அவன் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தாள். கண்ணில் நீர் முட்ட அவன் தும்மலை விழுங்கினான். மாற்று ஆட்களாக நின்ற பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மணிக்கொரு முறை விரல்களை வாசித்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்த டீச்சருக்கே பேனா ஆடிவிட்டது. ஒரே விரல்தான், ஆனால் பட்டாசிடம் இருந்தால் ஓர் ஆள், பெரிய மனுஷனிடம் இருந்தால் ஆயிரம் ஆள். வகுப்பில் பத்து நாள் தொண்டை கிழியச் சொன்னது கொசுவும் தும்மலும் வந்து நின்றதும் தானாக ஏறிவிட்டது.

ஐந்து மணிக்கு விரல்கள் எட்டாயிரத்து எழுநூற்று மூன்று காட்டின. மூவாயிரம் எப்போதோ தாண்டியாகிவிட்டது. பாலத்துக்கு ஆபத்தில்லை என்று வாயாடிக்கு உயிர் திரும்பியிருந்தது. உயிர் திரும்பியதும் ஆசை வந்தது.

"பத்தாயிரம் வருமா டீச்சர்?"

"வந்தா வரும்."

வாயாடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலத்தை விட்டு இறங்கிய ஒரு பெரியவரைப் பார்த்து, "தாத்தா, இன்னொரு தடவை ஏறி இறங்குங்களேன், உடம்புக்கு நல்லது," என்றாள்.

டீச்சர் காதைத் திருகி உட்கார வைத்தாள். "கள்ளக் கணக்கு எண்ணறதுக்கு எண்ணாமலே இருக்கலாம்."

ஐந்து இருபதுக்கு ரயில் வந்து நின்றது. கூட்டம் கொட்டியது. பட்டாசு எழுந்து நின்றே எண்ணினான். ஒன்பதாயிரத்து ஐநூறு. எண்ணூறு. தொள்ளாயிரம். கூட்டம் மெலிந்தது. ஐந்து நாற்பதுக்கு, டீச்சர் பின்னாலிருந்து பார்த்தபோது, நான்கு பிள்ளைகளின் கைகளிலும் ஒன்பது ஒன்பது விரல்கள் நின்றன. ஐந்தாவது பிள்ளையின் மடியில் இரண்டு மூடிய கைகள்.

பாலத்தில் யாருமே இல்லை.

கடைசியில் அந்தக் கோடியில் ஒரு தபால்காரர் தெரிந்தார். சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார். முப்பத்தொரு பிள்ளைகள் தன் காலையே பார்ப்பதைக் கண்டு, செருப்பில் எதையோ மிதித்துவிட்டோம் என்று குனிந்து வேறு பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் கடைசிப் படியை விட்டு இறங்கினார்.

பட்டாசு கையை மூடிச் சோடாபுட்டியைத் தட்டினான். அவள் மூடித் தூங்குமூஞ்சியைத் தட்டினாள். அவன் மூடிப் பெரிய மனுஷனைத் தட்டினான். பெரிய மனுஷன் ஒன்பது விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி, உடம்பைத் திருப்பி, வாயாடியின் தோளில் ஒரே போடாகப் போட்டான்.

வாயாடி வலது கை ஆட்காட்டி விரலை நீட்டினாள். மற்ற நான்கு பேர் கையிலும் ஒன்றுமில்லை. பத்தாயிரம் பேரும் அவளுடைய ஒற்றை விரலில். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்குப் பேச ஒன்றுமே இல்லை. மற்ற பிள்ளைகள் அவளைச் சுற்றிக் குதித்த குதியில் ஒரு முக்காலியின் கால் உடைந்தது.

இன்னொரு ரயிலின் கூட்டமும் கடந்து போன பிறகு, ஆறு மணிக்கு டீச்சர் கடைசியாக வாசித்தாள். ஒன்று, பூஜ்யம், நான்கு, ஒன்று, இரண்டு. பத்தாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

குமாஸ்தா பையிலிருந்து எண்ணியை எடுத்தார். 0412. இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"நானூத்துப் பன்னிரண்டு," என்றார்.

"நானூத்துப் பன்னிரண்டு எங்ககிட்டயும் இருக்கு," என்றாள் வாயாடி. "அப்ப நானு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? மெஷின் என்ன சொல்லுதோ அதைத்தான் நான் எழுத முடியும்." எண்ணியை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். போகும்போது வலது கட்டைவிரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே போனார்.

நானூற்றுப் பன்னிரண்டு என்றால் பாலம் இல்லை. பாலம் இல்லையென்றால் நாளைக்கு அம்மா வந்துவிடுவாள். விரலை நீட்டியபடியே வாயாடி அழுதாள். மடக்கு என்று டீச்சர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

மறுநாள் எட்டே முக்காலுக்கு டீச்சர் ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அலுவலகப் படியேறினாள். பாலங்களைக் கவனிக்கும் பொறியாளர் ஓர் அம்மா. மேஜையில் படிவம், படிவத்தின் மேல் எண்ணி, கையில் திறந்த பேனா. பக்கத்தில் குமாஸ்தா, கட்டைவிரலில் துணிக்கட்டு.

டீச்சர் நோட்டைக் காட்டினாள். பொறியாளர் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்ல முயற்சி டீச்சர். ஆனா விரலை நம்பறதா, மெஷினை நம்பறதா, நீங்களே சொல்லுங்க."

டீச்சர் பதில் தேடுவதற்குள் வாயாடி மேஜைமேல் ஏறாத குறையாக எம்பி எண்ணியைப் பார்த்தாள். நான்கு சின்ன சன்னல், நான்கு எண்.

"மேடம், இதுக்குள்ள நாலு பேருதான் உக்காந்திருக்காங்க."

"என்னம்மா சொல்ற?"

"ஒண்ணு, பத்து, நூறு, ஆயிரம். ஆயிரத்துக்கும் விரல் ரொம்பிட்டா அவன் யாரைத் தட்டுவான்? பக்கத்துல ஆளே இல்லையே. என்னை எங்க உக்கார வெச்சிருக்கீங்க?"

பொறியாளர் எண்ணியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ரொம்பிட்டா அதுக்கு மேல ஓடாம நின்னுடும்னுதான் நினைக்கிறேன். இல்லையா?"

குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "தெரியலை மேடம். அவ்வளவு தூரம் இதுவரைக்கும் யாரும் போனதில்லை."

"அமுக்கிப் பாத்துடலாமே," என்றான் பட்டாசு.

"எத்தனை தடவை அமுக்கணும்?" என்று கேட்டார் பொறியாளர். சோடாபுட்டி கண்ணாடியை மேலே தள்ளி, காற்றில் எழுதிக் கழித்து, "மறுபடி எல்லாம் பூஜ்யம் ஆகணும்னா ஒன்பதாயிரத்து ஐநூத்து எண்பத்தெட்டு தடவை மேடம்," என்றாள்.

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. குமாஸ்தாவைப் பார்த்தார். அவர் விரலைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "சரி," என்று ஒரு தாளில் 0412 என்று குறித்து, நேரம் போட்டுக் கையெழுத்திட்டு, எண்ணியைப் பிள்ளைகள் பக்கம் நகர்த்தினார்.

ஆளுக்கு நூறு என்று கைமாறியது. பட்டாசு அமுக்கினால் டிக்குக்கும் டிக்குக்கும் நடுவே இடைவெளியே கேட்கவில்லை. பெரிய மனுஷன் ஒவ்வொன்றையும் யோசித்து அமுக்கினான். மற்றவர்கள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். இரண்டாயிரத்தில் பக்கத்து அறைத் தட்டச்சர் எட்டிப் பார்த்தார். நாலாயிரத்தில் காவலாளி வந்து கதவோரம் நின்றார். ஏழாயிரத்தில் தேநீர் கொண்டுவந்தவர் தட்டை வைக்க மறந்து நின்றார். கோப்பு பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒன்பதாயிரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கும் ஒரு நூறு குடுங்க," என்று வாங்கிக்கொண்டார். நூறு முடிந்தும் திருப்பித் தர மனமில்லாமல் இன்னும் இருபது அமுக்கினார். யாரோ வந்து கூட்டத்தை நினைவுபடுத்த, "பத்து நிமிஷம் கழிச்சு வரேன்னு சொல்லுங்க," என்றார்.

9999. அறையே கழுத்தை நீட்டியது. எல்லோரும் எண்ணியை வாயாடியிடம் நீட்டினார்கள். அவள் வாங்கிக் குமாஸ்தாவிடம் கொடுத்தாள்.

"நேத்து சார்தான அமுக்கினாரு. அவரே அமுக்கட்டும்."

குமாஸ்தா இடது கட்டைவிரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். டிக்.

நின்றுபோகவில்லை. நான்கு சன்னலிலும் நான்கு பூஜ்யம், அப்போதுதான் பிறந்தது மாதிரி. யாரும் கேட்காமலே வாயாடி விரலை உயர்த்தினாள். காவலாளி கைதட்ட ஆரம்பித்து, அலுவலகம் என்பது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்தினார்.

"சரி, சுத்தி வரும்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் பொறியாளர். "நேத்து சுத்தினதுக்கு என்ன சாட்சி?"

"சார் விரலைக் காட்டச் சொல்லுங்க மேடம். நாங்க ஆளுக்குக் கிட்டத்தட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரம் அமுக்கியிருக்கோம்." வாயாடி தன் கட்டைவிரலை நீட்டினாள். சிவந்திருந்தது, அவ்வளவுதான். குமாஸ்தா துணியைப் பிரித்தார். உள்ளே கட்டைவிரல் சின்ன உருளைக்கிழங்கு அளவுக்கு வீங்கியிருந்தது. "நானூத்துப் பன்னிரண்டுக்கா இப்படி வீங்கும்?"

பொறியாளர் விரலைப் பார்த்தார். டீச்சரின் நோட்டை மறுபடி எடுத்து, மணிவாரியாக ஏறியிருந்த எண்களை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு படிவத்தை இழுத்தார். அதிலும் நான்கு கட்டம்தான் அச்சாகியிருந்தது. அடிக்கோலை எடுத்து, இடது பக்கத்தில் நேர்த்தியாக ஐந்தாவது கட்டம் ஒன்று வரைந்தார். 10412 என்று எழுதி, கீழே 'பாலத்தைப் பழுது பார்க்கவும்' என்று கையெழுத்துப் போட்டார்.

"இதை எனக்கும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க மேடம்," என்றாள் வாயாடி. "நான் சொன்னா எங்கம்மா நம்ப மாட்டாங்க. நான் நிறையப் பேசுவேன்."

டீச்சரிடம் ஐந்து நிமிஷம் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் பாலத்துக்கு ஓடினாள். அம்மா அதற்குள் கடையை அடைத்துவிட்டு, வெளியே போகிற உடையில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாலத்தின் நடுவில் எதிரே வந்துகொண்டிருந்தாள். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்ற பேச்சு காலையிலேயே கடைக்கு வந்திருந்தது.

வாயாடி ஒன்றும் பேசாமல் தாளை நீட்டினாள். மகள் பேசாமல் நின்றதிலேயே அம்மாவுக்குப் பாதி பயம் வந்துவிட்டது. வாங்கி ஒருமுறை படித்தாள். உதட்டை அசைத்து இன்னொருமுறை படித்தாள். கீழே ஒரு ரயில் போய் முடிகிறவரை தாளைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"பத்தாயிரமா?" என்றாள் கடைசியில். "நேத்து துணி குடுக்க நான் போய்ட்டு வந்தேனே. அதுல நானும் இருக்கனா?"

"ரெண்டு தடவை இருக்கம்மா. போகையில ஒண்ணு, வரையில ஒண்ணு."

அம்மா தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மகளின் கலைந்த தலையை உள்ளங்கையால் ஒரு தரம் அழுத்தி வாரிவிட்டாள். பிறகு வீட்டுப் பக்கமாகத் திரும்பினாள்.

"என்னடி பாத்துட்டு நிக்கற? ஸ்கூலுக்கு நேரமாச்சு, ஓடு."